காணாமல் போன ஏழரை நிமிடம்

"ரெண்டு நிமிஷம் எட்டு செகண்ட்" என்றாள் மனைவி, ஸ்டாப்வாட்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கணவர் ஏழரை, ஹாலுக்கு நடுவில், சைக்கிளின் மேல், தலையில் ஹெல்மெட்டும் காலில் ஷூவுமாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். குளியலறை வாசலிலிருந்து அவர் வரைக்கும் தரையில் ஒரு குட்டி ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாப் பாத்தியா?"

"ரத்தத்துல எத்தனை அணு இருக்குன்னு எண்ணிச் சொல்றவ நான். எனக்கு செகண்ட் எண்ணத் தெரியாதா?"

பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எண்ணிக்கை விஷயத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

"அப்ப அந்த ஒன்பது நிமிஷம் நாப்பத்தொரு செகண்ட் எங்கேர்ந்து வந்தது?" என்றார் ஏழரை.

பதினோரு மாதமாக அவரைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி அது.

அவர் ஊரின் பெரிய ஷூ கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளர். ஏழரை என்பது அவருடைய கால் அளவு. அதனால்தான் கடையில் தனக்கு அந்தப் பெயர் வந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை என்று அவர் மனதார நம்பினார். நாற்பது வயதில் தொப்பையைக் கரைக்கப் போன இடத்தில், முத்தரப்புப் போட்டி என்று ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஏரியில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், நடுவில் உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும் என்பதுதான். ஏரியிலிருந்து ஏறியதும் கரையில் விரித்திருக்கும் ஒரு பாயை மிதிக்க வேண்டும். காலில் கட்டிய பட்டை 'பீப்' என்று கத்தும். அங்கிருந்து, வேலி போட்ட வளாகத்துக்குள் ஓடி, நீச்சலுடையைக் கழற்றி, ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்வாசல் பாயைத் தாண்ட வேண்டும். அங்கே இன்னொரு 'பீப்'. இரண்டு பீப்புக்கும் நடுவிலுள்ள நேரத்தை ஆள் ஆளுக்கு அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

போன வருடம் அவருடையது ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு விநாடி. நூற்று எண்பது பேரில் கடைசி.

"வீட்டுல ரெண்டு நிமிஷம். அங்க ஒன்பதே முக்கால்" என்றார். "கழிச்சுப் பாரு. ஏழரை நிமிஷத்தைக் காணோம்."

"பேருப் பொருத்தம் பிரமாதம்" என்றாள் மனைவி.

"நான் அங்க என்ன செஞ்சேன்? வந்தேன். கழட்டினேன். மாட்டினேன். போனேன். நாலே நாலு வேலை. இதுல ஏழரை நிமிஷம் எங்க போய் ஒளியும்?"

அவருக்கு நேரம் போனதைவிட, போன இடம் தெரியாததுதான் பெரிய வேதனை. அதற்கு நேர் கீழே இருந்த வேதனை, சகலை.

சகலை டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். தண்ணீரோடு ஏதோ பழைய தகராறு இருப்பதுபோல் அதைப் போட்டு அடித்துக்கொண்டே நீந்துவார். ஏழரை கரையேறி நான்கு நிமிடம் கழித்துத்தான் அவர் தலை தெரியும். ஆனாலும் போன வருடம் ஏழரைக்கு முன்னாலேயே சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரே பாட்டுதான். "நம்ம சகலை உள்ள போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துதான் வருவாரு. அவசரப்படுத்தாதீங்க."

மனைவி ஒரு கெடு விதித்திருந்தாள். சோபா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வருடமாகச் சைக்கிள் நிற்கிறது. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் சக்கரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். "இந்த வருஷமும் ஒன்பது நிமிஷம்னா, சைக்கிள் வெளிய. சோபா உள்ள."

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றாள். "இது சுத்தமான சூழ்நிலைல எடுத்த சாம்பிள். நிஜ நிலைமை வேற. அங்க நீங்க களைச்சுப் போய் வர்றீங்க. காதுல தண்ணி. கண்ணுல கண்ணாடி இல்ல. அதே நிலைமையை உண்டாக்கினாத்தான் நோய் தெரியும்."

அது நியாயமாகப் பட்டது. மறுநாள் விடிந்ததும், நீச்சலுக்கான ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, நான்கு மாடிப் படிக்கட்டையும் பத்துத் தடவை ஏறி இறங்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழே வாளியில் தலையை முக்கி எடுத்தார். கண்ணாடியை மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். பத்தாவது சுற்று முடிந்ததும் கீழேயிருந்து அவள் "ஸ்டார்ட்!" என்று கத்தினாள்.

ஏழரை மேலே பாய்ந்தார். திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்திலேயே முதுகு ஜிப்பை இழுத்து, ரப்பர் உடையை இடுப்பு வரை உரித்துவிட்டு, "சைக்கிள் எங்க?" என்றார்.

"எங்க வீட்டுல சைக்கிள் இல்லீங்க" என்றது ஒரு பெண்குரல், மிகுந்த பயத்தோடு.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு உருவத்தின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் ஒரு மாடி குறைவாக எண்ணிவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியைத் தேடி அவர்களுடைய சமையலறைக்குள் போனார். அந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, தோளைத் தொடாமல் ரப்பர் உடையின் தொங்குகிற கையைப் பிடித்து, வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

"நாலு நிமிஷம் அஞ்சு செகண்ட்" என்றாள், பின்னாலேயே ஏறி வந்திருந்த மனைவி. பிறகு கொஞ்சம் யோசித்து, "படிக்கட்டுலயும் கீழ்வீட்டுலயும் செலவானது ஒரு நிமிஷம் அம்பது. கழிச்சா ரெண்டு பதினஞ்சு. களைப்பால ஏழே செகண்ட்தான் கூடுது" என்றாள்.

"அப்ப நோய் அது இல்ல."

"அது இல்ல."

சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஈர உடையிலோ, உடை பாதி கழன்ற நிலையிலோ குடியிருப்போர் படிக்கட்டில் ஓடுவதைத் தவிர்க்கவும்.' பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

வேறு வழியில்லாமல், மானத்தைத் துடைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சகலையிடமே போனார்.

சகலை கிண்டல் செய்யவில்லை. கேட்டதே பெரிய மரியாதை என்று நெகிழ்ந்துபோய்விட்டார். "சகலை, உங்க தப்பு ஷூவுல இருக்கு. உக்காந்து ஷூ மாட்டிட்டு இருந்தா விடிஞ்சிரும். ரெண்டு ஷூவையும் சைக்கிள் பெடல்லயே மாட்டி வெச்சிரணும். ரப்பர் பேண்ட் போட்டு நிமித்தி வெச்சிரணும். வெறுங்காலோட ஓடி வந்து, தாவி ஏறி, போற போக்குல காலை உள்ள விடணும்."

"உக்காராமலா?"

"உக்காராம."

"கால் வெக்கறதுக்கு முன்னாடியே ஷூ கிளம்பிப் போயிருமா?"

"போயிரும்."

இருபத்திரண்டு வருடத் தொழில் அனுபவத்தில் இப்படியொரு ஒழுங்கீனத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் பயிற்சி. ஓரத்தில் ஒரு அம்மாள் சிவப்புக் காரை ஆமை வேகத்தில் உருட்டிக் கற்றுக்கொண்டிருந்தார். ஏழரை சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். "இப்ப!" என்று சகலை கத்தினார். ஏழரை தாவினார்.

தாவல் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சைக்கிளின் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியவர், இருக்கையைத் தொடாமலே அந்தப் பக்கம் போய் இறங்கினார். அவர் ஏறியதாகவே நினைத்துக்கொண்டு சைக்கிள் நேராகச் சிவப்புக் காரை நோக்கிப் போயிற்று. கார் கிறீச்சிட்டு நின்றது. ரப்பர் பேண்ட் அறுந்து ஒரு ஷூ மட்டும் பறந்து போய்க் காரின் கூரைமேல் உட்கார்ந்தது.

சகலை ஓடி வந்தார். ஏழரையைத் தாண்டிக் காரிடம் போனார்.

"அம்மா, சூப்பர்! மூணு வாரமா பிரேக் போடவே பயந்தீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா சரியாப் போட்டீங்க!" பிறகு திரும்பி, "ரொம்ப நன்றி சகலை" என்றார்.

இடது கால் சுண்டுவிரல் வீங்கியது. ஒரு வாரத்துக்கு அந்தக் கால் மட்டும் எட்டாம் அளவு ஆயிற்று. பெடலில் ஷூ மாட்டுகிற யோசனையை ஏழரை அதோடு கைகழுவினார். ஷூ என்றால் உட்கார்ந்து, குனிந்து, மரியாதையாகத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்து, ரப்பர் உடைமேல் சந்தேகம் வந்தது. கணுக்காலில் அது இறுகிக்கொண்டு வர மறுப்பதுண்டு. காலில் எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும் என்று எங்கோ படித்தார். வேலைக்குப் போகுமுன் வீட்டில் தடவிப் பார்த்தார். உடை என்னவோ தோல் உரிந்தமாதிரி வந்துவிட்டது. எண்ணெய்தான் வரவில்லை. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். போய்விட்டது என்றே நினைத்தார்.

அன்றைக்குப் பார்த்துக் கடையில் வெள்ளை ஷூவுக்குக் கூட்டம். மத்தியானத்துக்குள் பதினோரு ஜோடியில் அழகழகாக ஐந்தைந்து விரல்கள் பதிந்துவிட்டன.

முதலாளி ஒரு ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏம்ப்பா, நீ இங்க ஷூ விக்கிறியா, கைரேகை எடுக்கிறியா?"

"காலுக்குத் தடவினது சார். கைக்கு வந்துருச்சு."

"காலுக்கு எதுக்கு எண்ணெய்?"

ஏழரை விஷயத்தைச் சொன்னார். முதலாளி கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மற்ற விற்பனையாளர்களும் கூடினார்கள். ஏழரை நிமிடம் எங்கே போயிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மயக்கம் என்றார். ஒருவர் ஜிப் என்றார். பில் போடுகிற அம்மாள், "கண்ணாடியைத் தேடியிருப்பீங்க. என் வீட்டுக்காரருக்குத் தினமும் காலைல அவ்வளவு நேரம் ஆகுது" என்றார். முதலாளி மட்டும், "அந்த மெஷின்லதான் கோளாறு. போன் போட்டுக் கேளு" என்றார்.

கடைப் போனிலிருந்தே கேட்டார். போட்டி நடத்துகிறவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், நூத்தி எம்பது பேருக்கும் ஒரே பாய். நூத்தி எழுபத்தொம்பது பேருக்குச் சரியா இருக்கு. மனுஷன் பொய் சொல்லலாம், பாய் பொய் சொல்லாது சார்."

கடைசி வாரம் மனைவியின் பேச்சு குறைந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "அந்த நேரத்துல தலை சுத்துமா?"

"இல்ல."

"கண்ணு இருட்டுமா?"

"சேச்சே. ரொம்பத் தெளிவா இருக்கும். சொல்லப்போனா, அந்த இடத்துக்கு வந்ததும்தான் மனசு ஒரு நிலைக்கு வரும். கடைல வேலை செய்யற மாதிரியே நிம்மதியா இருக்கும்."

அன்றிலிருந்து, அவர் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டினாள்.

போட்டி நாள் வந்தது. வளாகத்துக்குள் போட்டியாளர் தவிர வேறு யாரும் போகக்கூடாது. மனைவி எதிர்வாசல் பாய்க்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அடர்த்தியாகச் சைக்கிள்கள் தொங்கின. தூரத்தில் கரைப் பாய் தெரிந்தது, ஆனால் அவருடைய வரிசை கண்ணுக்கெட்டாத நடுவில் இருந்தது. ஸ்டாப்வாட்ச் மட்டும் கையில் தயாராக இருந்தது.

ஏழரை நன்றாக நீந்தினார். இருபத்தோராவது ஆளாகக் கரையேறினார். 'பீப்.' காதில் தண்ணீர் களகளத்தது. உலகம் கண்ணாடி டம்ளருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஓடினார். தன் வரிசையைச் சரியாகக் கண்டுபிடித்தார். உடை ஒரே இழுப்பில் வந்தது. கண்ணாடி மூக்கில் ஏறியது. ஹெல்மெட் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. நிம்மதி வந்தது. குனிந்தார். கால் ஷூவுக்குள் போயிற்று, குதிகால் அமர்ந்தது, லேஸ் இறுகியது, முடிச்சு விழுந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு அசைவு வீண் இல்லை. கை தண்ணீரைப்போல ஓடியது. இவ்வளவு சுத்தமாகத் தன் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. சைக்கிளை எடுத்தார், தள்ளினார், வாசலைத் தாண்டினார். 'பீப்.'

"ஒண்ணரை நிமிஷம் இருக்குமா?" என்று மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஏறி மிதித்தார்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

ஓட்டமும் முடிந்து, எல்லாரும் புல்தரையில் காலை நீட்டிக் கிடந்தபோது, முடிவுத் தாளை ஒட்டினார்கள். சகலை உடை மாற்றிய நேரம் ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி. ஏழரை தன் பெயருக்கு நேரே விரலை வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்.

பதினோரு நிமிடம் இருபத்தாறு விநாடி.

விரலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எண்தான்.

எதிரே வந்த சகலை வாயைத் திறந்தார். ஏழரையின் முகத்தைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டு, தன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கருணை எல்லாக் கிண்டலையும்விட அதிகமாக வலித்தது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ என்ன எண்ணினே?" என்று கேட்டார்.

"பதினொண்ணு இருபத்தாறு."

"செகண்ட் பிசகாமலா?"

"பிசகாம."

ஏழரை, சகலை கொடுத்த பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

"சோபா என்ன கலர்ல வாங்கலாம்?" என்றார் ஏழரை. "வாக்குன்னா வாக்கு. சைக்கிளை நாளைக்கே எடுத்துடறேன்."

"சோபா கிடக்கட்டும்." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "சைக்கிளும் அங்கேயே நிக்கட்டும். நாளைக்குக் காலைல டாக்டரைப் பாக்கறோம். தலையை ஸ்கேன் பண்ணறோம். பதினோரு நிமிஷம் ஒரு மனுஷனுக்கு நினைவில்லாமப் போகுதுன்னா அது விளையாட்டில்ல. நான் அந்த வேலிகிட்ட நின்னு என்னென்னவோ நினைச்சிட்டேன். உள்ள விழுந்து கிடக்கறீங்களோன்னு..."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் செஞ்சேன். சத்தியமா ரொம்ப நல்லாச் செஞ்சேன்."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அப்போது அவர்கள்மேல் ஒரு பெரிய நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறடி உயரத்தில், கழுத்தில் மூன்றாம் பரிசுப் பதக்கத்தோடு ஒரு மனிதர் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர், ஆணும் பெண்ணுமாக, கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஏழரைக்கு அவர்களில் ஒரு முகம்கூட நினைவில்லை. ஆனால் முகத்துக்குக் கீழே பார்வை இறங்கியபோது, ஒன்பது, எட்டு, ஆறு, பத்து என்று அளவுகள் தானாக நினைவுக்கு வந்தன. ஆறு ஜோடி ஷூவிலும் லேஸ் ஒரே மாதிரி, இரட்டை முடிச்சாக, காதுகள் சமமாக விழுந்திருந்தது.

பதக்கக்காரர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணே, போன வருஷம் உங்க பக்கத்துல இருந்தது நாங்க அஞ்சு பேருதான், இந்த வருஷம் கேள்விப்பட்டு ஆறாவது ஆளும் உங்க வரிசைலயே இடம் கேட்டு வாங்கிட்டாரு. ஈரக் காலோட வந்து உக்காந்தா, ஒரு வார்த்தை கேக்காம ஷூ மாட்டிவிட்டு, கட்டைவிரலை அமுக்கிப் பாத்து, 'எந்திரிச்சு ரெண்டு அடி நடந்து பாருங்க சார், இடிக்குதா?'ன்னு கேட்டு அனுப்பி வெக்கிற ஆளு வேற எந்தப் போட்டியில கிடைப்பாருண்ணே!"